எட்ட இருந்து வளர்ப்போர்



வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் காட்டுப்பகுதியை அடையலாம். 1967ஆம் ஆண்டில் அங்கே வனத்துறையினர் சிறியதொரு உயிரியல் பூங்காவை அமைத்தனர். அப்பொழுது எனக்கு வயது எட்டு. பூங்காவின் பரப்பு 25 ஹெக்டேர். புள்ளிமான், மயில், நரி, முதலை, மலைப்பாம்பு முதலியவற்றை அங்கே காணலாம். சிங்கமும் புலியும் இல்லையே என்று முகம் சுளித்துத் திரும்புவோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மானைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மானைப் பற்றியதன்று. போர்னியோ, சுமத்திரா என்னும் தீவுகளின் மழைக்காடுகளில் வாழும் ஒராங்குட்டான் என்னும் வாலில்லாக் குரங்கைப் பற்றியும், அதனை நேரிற் காணாமலே வளர்ப்போரைப் பற்றியும் பேச நினைக்கிறேன். ஆயினும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம். ஆகவே மானிலிருந்தே தொடங்குகிறேன்.

1986ஆம் ஆண்டு. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியன். ஒரு திங்கட்கிழமைக் காலையில், ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் துண்டிற் சுற்றி ஒரு மான்குட்டியைக் கொண்டுவந்தான். "தாய் விட்டுட்டுப் போயிடுச்சு சார், புதருக்குள்ள தனியாக் கெடந்தது" என்றான். வகுப்பு முழுவதும் எழுந்து சூழ்ந்துகொண்டது. அதன் கண்களைப் பார்த்த எவராலும் அதனைத் திருப்பி அனுப்ப இயலாது. என்னாலும் இயலவில்லை. பசும்பால் வாங்கிவரச் செய்தேன். பழைய வைக்கோலைப் பரப்பிப் பள்ளியின் பின்தாழ்வாரத்தில் இடம் அமைத்தோம். பிள்ளைகள் முறைவைத்து அதனைத் தூக்கினர், தடவினர், பெயரிட்டு அழைத்தனர். ஐந்தாம் நாள் காலையில் அது இறந்துகிடந்தது.

பின்னரே உண்மையை அறிந்தேன். தாய்மான் தன் குட்டியைக் கைவிட்டுப் போகவில்லை. பிறந்த சில நாள்வரை குட்டியைப் புதரில் ஒளித்துவைத்துவிட்டு மேயச் செல்வதும், இடையிடையே வந்து பாலூட்டுவதும் அவ்வினத்தின் வழக்கம். குட்டி அசையாமற் படுத்திருப்பதே அதற்குக் காவல். தனித்துக் கிடக்கிறது என்று நாம் இரங்கி எடுத்தால், உயிருள்ள தாயிடமிருந்தே அதனைப் பிரிக்கிறோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். அன்றே வனத்துறையினருக்குச் சொல்லியனுப்பியிருந்தால் அக்குட்டி பிழைத்திருக்கலாம். சொல்லாதவன் நான். சிறுவன் அறியாமற் செய்தான், நான் படித்தவன்.

பேகன் என்னும் குறுநில மன்னன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையை நீங்கள் அறிவீர்கள். மேடைதோறும் அதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அவ்வள்ளலிடம் குற்றம் காண நான் துணியவில்லை. ஆனால் அப்போர்வையை வைத்துக்கொண்டு அந்த மயில் என்ன செய்தது என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். மான்குட்டிக்கு முன்பு என்றால் அவளை அதட்டி உட்காரச் செய்திருப்பேன். பிறகாதலால், நல்ல வினா என்றேன்.

இனி ஒராங்குட்டானுக்கு வருவோம். மலாய் மொழியில் 'ஒராங்' என்றால் மனிதன். 'ஹூத்தான்' என்றால் காடு. காட்டுமனிதன் என்பது பெயரின் பொருள். போர்னியோ இனம், சுமத்திரா இனம், 2017ஆம் ஆண்டில் தனியினம் என்று பிரித்தறியப்பெற்ற தபனூலி இனம் என மூன்று இனங்கள் உள்ளன. மூன்றுமே அற்றுப்போகும் பேரிடரில் உள்ளவை என்று உயிரியலார் வகைப்படுத்தியிருக்கின்றனர். குரங்கினங்களில் இதன் தாய்மை மிக நீண்டது. குட்டி ஆறேழு ஆண்டுகள் தாயோடே வாழ்கிறது. எந்தப் பழம் எப்பொழுது பழுக்கும், எந்தக் கிளை தாங்கும், மாலைதோறும் கிளைகளை வளைத்து எவ்வாறு புதிய படுக்கை அமைப்பது என்பவற்றையெல்லாம் தாயைப் பார்த்தே கற்கிறது. ஆகவே ஒரு தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனுகிறது. ஒரு தாய் மாண்டால் அவ்விழப்பை ஈடுசெய்ய எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

காட்டை அழித்து எண்ணெய்ப்பனை பயிரிடுகின்றனர். உணவின்றித் தோட்டத்திற்குள் வரும் தாய் கொல்லப்படுகிறது, குட்டி விற்கப்படுகிறது. தாய் உயிரோடிருக்கும்வரை குட்டியைப் பறிக்க முடியாதாகையால், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு தாயின் பிணம் உண்டு. 1997இலும் 2015இலும் இந்தோனேசியக் காடுகளில் மூண்ட பெருந்தீ எஞ்சியவற்றையும் அலைக்கழித்தது. இது யாருடைய பழியோ என்று நாம் கைகழுவ வேண்டா. நம் நியாயவிலைக் கடைகளில் வழங்கும் பாமாயில் எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து வருவதே. பலகாரப் பொட்டலத்திலும் குளியற் சோப்பிலும் அதுவே இருக்கிறது. ஏழை வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது என்பதையும் மறுக்க இயலாது. அதனை வாங்காதே என்று ஒரு தாய்க்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

தாயிழந்த குட்டிகளுக்கு என்ன வழி? மலேசியாவின் சபா மாநிலத்தில் செப்பிலோக் என்னுமிடத்தில் 1964ஆம் ஆண்டிலேயே ஒரு மறுவாழ்வு நிலையம் தோன்றியது. இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் நியாரு மெந்தெங் என்னும் நிலையம் 1999இல் தொடங்கியது. அங்கே 'காட்டுப் பள்ளி' என்று ஒன்று நடக்கிறது. தலைமையாசிரியனாக இருந்தவன் என்பதால் இதனைச் சற்று விரித்துச் சொல்ல எனக்கு ஆசை.

காலையில் அவ்வூர்ப் பெண்கள் குட்டிகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்து காட்டிற்கு நடக்கின்றனர். அங்கே இறக்கிவிட்டு மரமேற ஊக்குகின்றனர். மண்ணில் விளையாடும் குட்டியை மரத்தின்பால் திருப்புவதே அன்றாடப் போராட்டம். உண்ணத்தக்க பழம் எது, இலை எது, பட்டை எது என்று காட்டுகின்றனர். பாம்பைக் கண்டால் அஞ்சவும் பழக்குகின்றனர். தாய் ஏழாண்டுகளில் கற்பிப்பதைக் கூலி பெறும் மனிதப் பெண் கற்பிக்க வேண்டும். கற்பித்த பின், குட்டி அவளை மறந்துவிட வேண்டும். மாணவன் ஆசிரியனை மறப்பதே தேர்ச்சியின் அடையாளம் என்றமைந்த பள்ளி அது! தேறியவை ஆறு சூழ்ந்த தீவுகளில் சில காலம் தாமே வாழ்ந்து பழகுகின்றன. அதன்பின் பாதுகாக்கப்பட்ட காட்டில் விடப்படுகின்றன. எல்லாமும் தேறுவதில்லை. நெடுநாள் கூண்டிலும் சங்கிலியிலும் கிடந்தவை சில, காட்டிற்குத் திரும்பவே இயலாமல் நிலையத்திலேயே முதுமை அடைகின்றன.

இவ்வளவுக்கும் பாலும் பழமும் மருந்தும் ஊதியமும் வேண்டும். அப்பொருளைத் திரட்டுவதற்குக் கண்ட வழிகளுள் ஒன்றே தொலைவிலிருந்து தத்தெடுத்தல். மெய்நிகர்த் தத்து என்று இக்காலத்தார் கூறுகின்றனர். நீங்கள் மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ ஒரு தொகை அனுப்புகிறீர்கள். நிலையத்தார் ஒரு குட்டியின் படத்தையும், சான்றிதழையும், அது எவ்வாறு வளர்கிறது என்னும் மடலையும் கணினி வழியாகவோ அஞ்சலிலோ அனுப்புகின்றனர். குட்டி உங்கள் வீட்டிற்கு வாராது. நீங்களும் அதனிடம் செல்ல வேண்டுவதில்லை. செல்லாதிருப்பதே நல்லது, நம் சளியும் காய்ச்சலும் அதற்கும் தொற்றும்.

இம்முறை முற்றும் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் விலங்குகளைப் பொதுமக்கள் தத்தெடுத்ததுண்டு. நம் நாட்டில், 1892இல் தோன்றிய மைசூர் விலங்குக் காட்சிச்சாலையில் இம்முறை நன்கு வேரூன்றியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் ஒடிசாவின் நந்தன்கானனில் பின்னி என்னும் முதிய ஒராங்குட்டான் இறந்தது. அந்நாளில் இந்தியாவில் இருந்தது அது ஒன்றே. பின்னர் 2021இல் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நான்கு ஒராங்குட்டான்கள் மைசூருக்கு வந்துசேர்ந்தன.

நமக்கு அண்மையில் உள்ளது வண்டலூர். 1855இல் எட்வர்டு பால்ஃபோர் என்னும் மருத்துவர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குத் தொகுதியே பல இடம் மாறி, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக மலர்ந்தது. அங்கும் விலங்கைத் தத்தெடுக்கலாம். 2018இல் நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்னும் வெள்ளைப் பெண்புலியின் பராமரிப்பை ஏற்றது செய்தித்தாள்களில் வந்தது. இதன் அருமை பெருந்தொற்றுக் காலத்தில் விளங்கிற்று. 2020இல் பூங்காக்களின் கதவுகள் மூடின. நுழைவுக் கட்டணம் நின்றது. விலங்குகளின் பசி நிற்கவில்லை. 2021 ஜூன் மாதத்தில் நீலா என்னும் பெண்சிங்கம் அத்தொற்றுக்கே இரையாயிற்று. நம் நோய் விலங்கைத் தொற்றும் என்று நான் மேலே சொன்னது நூலறிவு மட்டுமன்று என்பதை இதனால் அறியலாம்.

'தத்து' என்னும் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தத்து என்றால் பிள்ளை மனைக்கு வரும்; பெயரும் சொத்தும் பெறும். இங்கே அவ்வாறு ஒன்றுமில்லை. நம் பழைய இலக்கியத்தில் நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு. பெற்றவள் இருக்க, வளர்ப்பவள் செவிலி. பெண் தன் வழியே சென்றபின் பின்னின்று வருந்துபவளும் அவளே. காட்டை நற்றாயாகக் கொண்டால், இப்பணி செவிலியின் பணி.

ஒரு சொல் எச்சரிக்கையும் வேண்டும். படத்தைக் காட்டிப் பணம் பறிப்போர் எங்கும் உளர். கணக்கு வெளியிடுகிறார்களா, விலங்குகளைக் காட்டிற்குத் திருப்பி அனுப்ப முயல்கிறார்களா, அன்றி வருவோர் தோளில் குட்டியை ஏற்றிப் படம் பிடித்துக் காசாக்குகிறார்களா என்று விசாரித்த பின்பே ஒரு ரூபாயேனும் அனுப்புக. குட்டியை உங்கள் கையில் தருகிறோம் என்பவரிடம் கொடுக்கவே வேண்டா.

பிற்காலத்தில் ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் ஊறவைத்த காலத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள். காலைக் காற்றிலேயே அத்தொழிலின் மணம் வரும். இத்தகைய ஊரில் விலங்குகளிடம் இரக்கம் என்று பேசினால் நகைக்கமாட்டார்களா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஒருவரும் நகைக்கவில்லை. தோலோடு புழங்குபவனுக்கு அது ஓர் உயிரின்மேல் இருந்தது என்பது தெரியும். பளபளக்கும் காலணியைக் கடையில் வாங்கி அணிபவர்தாம் அதனை எளிதில் மறந்துவிடுகிறார்.

அங்கே 2017ஆம் ஆண்டில் ஒராங்குட்டானைப் பற்றி வகுப்பில் பேசியபொழுது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, ஒரே குட்டியை ஐந்நூறு பேர் தத்தெடுத்தால் அது யாருடையது?" என்றான். ஒருவருடையதும் அன்று, பணம் எல்லாக் குட்டிகளுக்கும் பொதுவாகச் செலவாகும், படத்திலுள்ள குட்டி ஒரு முகவரி போன்றது என்றேன். அவன் சிறிது யோசித்து, "அப்படியென்றால் நாம் மானுக்குக் கொடுக்கலாமே" என்றான். போர்னியோ தொலைவு, பணம் அனுப்பும் முறையும் பிள்ளைகளுக்கு எட்டாதது. வண்டலூர் எட்டும். மூன்று மாதம் உண்டியலில் சில்லறை சேர்ந்தது. ஒரு புள்ளிமானுக்குச் சில நாள் தீவனம் ஆகுமளவு சேர்ந்தவுடன் முறைப்படி செலுத்தினோம். மான்குட்டிக் கதையை நான் அவர்களிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. வண்டலூருக்குப் புறப்பட்ட பேருந்தில்தான் சொன்னேன். பேருந்து வாலாஜாவைக் கடக்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

மான்களின் அடைப்பின் முன் நின்றோம். எது நம் மான் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. கூட்டம் கூட்டமாகத் தீவனத்தில் தலைகுனிந்து நின்றன. உண்டியலைப் பொறுப்பாகக் காத்த சிறுமி கம்பிவேலியருகே நெடுநேரம் நின்றாள். கை நீட்டவில்லை.

"ஐயா, ஒன்றுகூட நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லையே" என்றாள்.

"தின்கிறதா?" என்று கேட்டேன்.

"தின்கிறது ஐயா."

சரி என்று சொல்லி, அடுத்த அடைப்பிற்கு நடந்தோம்.