திருநாள் உடையும் அன்றாட உடையும்

(பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘உடை’. தலைவர் அதை அறிவித்ததுமே, “உடுத்துறதுக்குமா பாடம் நடத்தணும்?” என்று ஓர் அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். உண்பதையும் உடுப்பதையும் யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எதற்காக உடுக்கிறோம், யார் பார்ப்பதற்காக உடுக்கிறோம் என்று என்றைக்காவது உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா? அதைத்தான் பேச வந்தேன்.

நம் மலாக்காவுக்கும் துணிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. ரப்பர் மரம் இந்த மண்ணைப் பார்ப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். எதைக் கொண்டு வந்தார்கள்? துணி மூட்டைகளைத்தான். சோழமண்டலக் கரையில் பழவேற்காடு போன்ற துறைமுகங்களில் ஏற்றிய பருத்தித் துணி மலாக்காவில் இறங்கி, இங்கிருந்து கிழக்குத் தீவுகளுக்குப் போயிற்று. கிராம்பும் ஜாதிக்காயும் அங்கிருந்து வந்தன.

அந்த வணிகர்களில் சிலர் இங்கேயே பெண்ணெடுத்துக் குடியமர்ந்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள்தாம் மலாக்காச் செட்டிகள். காஜா பெராங்கில் இருக்கும் கம்போங் செட்டிக்கு ஒரு முறை பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவர்கள் பேச்சு மலாய். பெண்களின் மரபு உடை கெபாயாவும் சாரோங்கும். “சேலைகூட கட்டாதவங்க எப்படி நம்ம ஆளுங்க?” என்று உதட்டைப் பிதுக்குகிற நம்மவர்களும் உண்டு. ஆனால் பட்டணத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அந்தச் சமூகத்தார் எழுப்பியது. இன்றைக்கும் பொங்கல் வைக்கிறார்கள், மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். இந்த நாட்டு வெயிலுக்கும் உறவுக்கும் ஏற்ற உடையை எடுத்துக்கொண்டார்கள், சாமியை விட்டுவிடவில்லை. அந்தக் கெபாயாவை 2024இல் மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்து, யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். 1896 வாக்கில் டான் சாய் யான் என்ற சீனச் செல்வந்தர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். வியாபாரத்துக்காக மலாயாவில் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது என்பார்கள். அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக நம் பாட்டன் பாட்டிமார் வந்து இறங்கினார்கள். கட்டி வந்தது வேட்டியும் சேலையும். தோட்டத்து வேலை அந்த உடையை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள்.

என் தாயாரும் பால் மரம் வெட்டியவர்தான். சேலையையோ கைலியையோ முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொள்வார். மேலே என் தகப்பனாரின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் இறுக்கக் கட்டிய துண்டு, நெற்றியில் விளக்கு. சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு அது ஏதோ கிடைத்ததைச் சுற்றிக்கொண்ட கோலமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. குளிர்ச்சியான நேரத்தில்தான் மரத்தில் பாலின் அழுத்தம் கூடுதல், நன்றாக வடியும். ஆகவே விடியுமுன்னே நிரைக்குப் போக வேண்டும். அந்த இருட்டில் கொசு சும்மா விடுமா? அதற்குத்தான் முழுக்கைச் சட்டை. தலையில் பால் பட்டு முடி ஒட்டிப் போகாமல் இருக்கத் துண்டு. ரப்பர்ப் பால் துணியில் காய்ந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் கசக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வேலை உடுப்புக்குத் தனிக் கொடி, தனி வாளி. இதையெல்லாம் எந்தப் பட்டணத்துத் தையற்காரரும் அளந்து தைத்துக் கொடுக்கவில்லை. வேலை செய்தவர்களே கண்டுபிடித்த உடை அது. அதைவிட அறிவான உடையை நான் கண்டதில்லை.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, துணி கிடைக்காமல் சாக்கைத் தைத்து உடுத்தியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கொடுமைக்கு நடுவில்தான் 1943இல் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தார். டாக்டர் லட்சுமி தலைமை தாங்கினார். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் பெண்கள் காக்கிக் கால்சட்டை போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். பொம்பளைப் பிள்ளை கால்சட்டை போடுவதா என்று வாயைப் பிளந்த காலம் அது! இன்றைக்கு ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்குக் கால்சட்டையோடு பஸ் ஏறும் மகளைப் பார்த்து முணுமுணுக்கும் தாத்தாமார் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் வீட்டு அலமாரியைத் திறப்போம். தீபாவளிக்கு எடுத்தது, கலியாணத்துக்கு எடுத்தது, போன தீபாவளிக்கு எடுத்தது என்று மேல் தட்டு நிரம்பியிருக்கும். தினமும் உடுத்துவது கீழ்த் தட்டில், பொத்தான் போனதும் சாயம் வெளுத்ததுமாக நாலு உருப்படி. ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளைகளே, நீங்களும் கூடவே போடுங்கள். 200 வெள்ளிச் சேலையை ஆண்டுக்கு இரண்டு முறை கட்டினால், ஐந்து ஆண்டில் பத்து முறை. ஒரு முறை கட்ட 20 வெள்ளி! 30 வெள்ளிச் சட்டையை வாரம் இரண்டு நாள் போட்டால், ஓராண்டில் ஏறக்குறைய நூறு முறை. ஒரு முறைக்கு 30 காசு. சேலை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் பட்டு பிடிக்கும். ஆசை யாரை விட்டது? ஆனால் மேல் தட்டுக்குக் கடன் வாங்கிவிட்டு, கீழ்த் தட்டுக்குக் காசில்லை என்கிறோமே, அதுதான் எனக்குப் புரியவில்லை. முன்பு துணிக்காரர் மூட்டையோடு லயத்துக்கு வந்து தவணைக்குக் கொடுத்தார். இப்போது கைப்பேசியே அந்த மூட்டை.

கீழ்த் தட்டில் பிள்ளையின் பள்ளிச் சீருடையும் இருக்கிறது. ஒரே ஒரு ஜோடி இருந்தால், மழை மாதத்தில் காயாது. காயவில்லையென்றால் மறுநாள் பிள்ளை வராது. வருகைப் பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதச் சொல்வார்கள். அது காய்ச்சல் இல்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். இரண்டு ஜோடி இருக்கட்டும். முழுப் பருத்தியைவிடப் பாலியெஸ்டர் கலந்த துணி சீக்கிரம் காயும். காலணி கருப்பாக மாறியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளை பூசிக் காயவைக்கும் வேலையாவது அம்மாமார்களுக்கு மிச்சமாயிற்று.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தத் தலைப்பை நான் ஒப்புக்கொண்டேன். தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் சில தாய்மார்கள் வாசல் கேட்டுக்கு வெளியே மாமரத்தடியிலேயே நின்றுவிடுகிறார்கள். “உள்ளே வாங்கம்மா” என்று கூப்பிட்டால், “வேலைக்காட்டு உடுப்போட வந்துட்டேன் டீச்சர், இந்தக் கோலத்துல எப்படி உள்ளே வர்றது? நீங்க பிள்ளைக்கிட்டயே கொடுத்து விடுங்க” என்கிறார்கள். பிள்ளை வகுப்பிலிருந்து ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கணக்கில் எங்கே தடுக்கிறது என்று நான் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப முடியுமா?

அம்மா, ஐயா, உங்கள் பூட்ஸில் செம்பனைக் காட்டுச் சேறு இருந்தால் இருக்கட்டும். சட்டையில் பால் கறை இருந்தால் இருக்கட்டும். அந்தச் சட்டைதான் உங்கள் பிள்ளைக்குச் சோறு போடுகிறது. வகுப்பறையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். தரையைப் பிறகு நாங்கள் கூட்டிக்கொள்கிறோம். வேலைக்காட்டிலிருந்து நேராக வாருங்கள்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. உங்கள் பிள்ளைக்கு அளவு சிறுத்துப்போன சீருடை இருந்தால், துவைத்து, பொத்தான் தைத்து, நூல் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பச்சை அலமாரியில் வைத்துவிடுங்கள். யார் வைத்தது என்று எழுத வேண்டாம். தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யார் எடுத்தது என்று நாங்களும் கேட்க மாட்டோம். பள்ளி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அந்த அலமாரி திறந்திருக்கும்.