கணினிக்குள் ஒரு நிலைய அதிபர்



மாலை வேளையில் மருதானைப் புகையிரத நிலையத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கண்டிக்கும் காலிக்கும் அவிசாவளைக்கும் செல்லும் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் வந்து போகின்றன. எந்த வண்டிக்கு எந்த மேடை, எப்போது பச்சை விளக்கு என்று தீர்மானிப்பவரை மட்டும் நாம் காண்பதில்லை. கணினிக்குள் அவ்வலுவலைப் பார்ப்பதையே நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. வின்டோஸ், லினக்ஸ் என்று பிள்ளைகள் சொல்வன இவையே.

கணினியில் கடிதம் எழுதிக்கொண்டே பாட்டும் கேட்கிறோம். ஆயினும், கணக்கிடும் கரு ஒவ்வொன்றும் அந்தந்தக் கணத்தில் ஓரிரு வேலைகளைத்தான் கவனிக்கிறது. பணிசெயல் முறைமை ஒன்றைச் சற்று நிறுத்தி மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. நொடிக்குள் பலமுறை இம்மாற்றம் நிகழ்வதால் நமக்குத் தெரிவதில்லை. 1961இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் தோழர்களும் இந்த நேரப் பங்கீட்டைச் செய்து காட்டினர். அக்காலத்தில் பெரும்பாலோர் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, தம் முறை வருமட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது.

மற்றொரு கடமையை நான் நட்டப்பட்டே கற்றேன். ஒருநாள் பதினோராம் வகுப்புப் புள்ளிகளைக் கணினியில் பதிந்து சேமித்தோம். வண்டிக்கு நேரமாயிற்று, திரை அணையுமுன்னரே நான் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் அக்கோப்புத் திறக்கவில்லை.

சேமித்த பின் எப்படி அழியும்? நிலையத்தில் பொதியைக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுகிறோம். பொதியோ அடுத்த வண்டி வருமட்டும் களஞ்சியத்திலேயே கிடக்கும். அதுபோலவே, வன்தட்டில் எழுதுதல் மந்தமான வேலையாதலால், பணிசெயல் முறைமை நம் எழுத்தை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. வட்டுக்குச் சற்றுப் பிந்தியே அனுப்புகிறது. நினைவகமோ மின்சாரம் நின்றதும் யாவற்றையும் மறந்துவிடும். முறையாக நிறுத்தும்போது நாம் காத்திருக்கும் அச்சில நொடிகளில், எஞ்சிய பொதிகள் ஏற்றப்படுகின்றன. பென் டிரைவைத் திடீரெனப் பிடுங்கலாகாது என்பதும் இதனாலேயே.

அப்புள்ளிகளை மீண்டும் பதிந்தவர் வகுப்பாசிரியை. மூன்று இரவுகள் கண்விழித்தார். ஒரு சொல்லும் என்னைக் கடியவில்லை. ஆனால் அன்றுதொட்டு, திரை முற்றாக இருளுமட்டும் என்னை ஆளிக்கு அருகில் அவர் விடுவதேயில்லை.