எலும்பின் வளர்ச்சியும் வளர்ச்சி ஹார்மோனும்



யாம் மருத்துவரல்லோம், ரயில்வே அலுவலகத்துக் குமாஸ்தா. எனினும், எம் இல்லத்தில் நேர்ந்ததைக் காலனிக் குடும்பங்கள் அறிதல் நலமென்று செயலாளர் பணித்தமையால் இம்மேடை ஏறினோம்.

எம் இளைய மகளுக்கு எட்டாம் வயதில் தீபாவளிக்குத் தைத்த பாவாடை, அடுத்த தீபாவளிக்கும் அளவாகவே இருந்தது. செலவு மிச்சமென்று மகிழ்ந்தோமேயன்றி, பிள்ளை வளரவில்லையே என்று எண்ணினோமல்லோம். "பெரியவளானால் தானே வளர்வாள்" என்ற சொல்லை நம்பி மேலும் ஓராண்டைக் கழித்தோம். பின்னரே மருத்துவர் கையை எக்ஸ்ரே எடுத்தும் இரத்தத்தைச் சோதித்தும், வளர்ச்சி ஹார்மோன் போதவில்லையெனக் கண்டார்.

மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ஆழ்ந்த உறக்கத்தில் இதனை மிகுதியாகச் சுரக்கின்றது. நீண்ட எலும்புகளின் முனைகளிலுள்ள குருத்தெலும்பு இதனால் பெருகி, எலும்பாக மாறுகின்றது. பருவம் முதிர்ந்து அக்குருத்து மூடியபின் எம்மருந்தாலும் உயரம் கூடாது.

உடலின் சுண்ணாம்புச் சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. இந்த ஹார்மோன், வைட்டமின் டி செயல்வடிவம் பெறத் துணைநின்று, குடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்கச் செய்கின்றது. பாஸ்பரஸ் சிறுநீரில் வீணாகாது காக்கின்றது. வரவைப் பெருக்கிச் செலவைச் சுருக்கும் நல்ல கணக்கன் எனலாம். உயரம் நின்ற பின்னரும் எலும்பைப் புதுப்பிக்கும் பணி இதற்குண்டு. குறைந்தால் எலும்பு திண்மை குன்றும். பெரியவர்களுக்கு மிகுந்தால் தாடையும் கைகால்களும் பருக்கும். ஆதலின், உயரம் கூட்டுவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி எதையும் வாங்கற்க.

முன்னாளில் இம்மருந்தை இறந்தோரின் சுரப்பியிலிருந்தே எடுத்தனர். அதனால் சிலருக்குக் கொடிய மூளைநோய் கண்டமையால், 1985இல் அமெரிக்கா முதலிய நாடுகளில் அது நிறுத்தப்பட்டது. இன்று ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவதே வழங்குகின்றது.

குள்ளமான பிள்ளைகள் யாவருக்கும் இக்குறை உண்டென்பதில்லை. ஆயினும் ஆறு திங்களுக்கொருமுறை நிலைக்கதவில் உயரத்தைக் குறித்து வைப்போமாக. பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டரேனும் வளராவிடின் மருத்துவரை நாடுவோமாக. கேழ்வரகும் பாலும் இளவெயிலும் நல்லுறக்கமும் யாவர்க்கும் வேண்டுவன.

எம் மகளுக்கு இரவுதோறும் ஊசி போடுகின்றோம். கழிந்த ஓராண்டு மீளாது. எனினும், சென்ற தீபாவளிப் பாவாடையின் மடிப்பை இதற்குள் இருமுறை அவிழ்த்துவிட்டாள் அவள் தாய்.