மாழையும் மாழைப்போலியும்



பாடநூல்கள் உலோகம், அலோகம், உலோகப்போலி எனக் கூறும் மூன்றையும் மாழை, அல்மாழை, மாழைப்போலி எனத் தூய தமிழில் வழங்கலாம். ஆயினும் பெயரை நெட்டுருச் செய்வதால் மட்டும் பொருள் விளங்கிவிடாது. ஒரு தனிமம் இம்மூன்றனுள் எதனைச் சார்ந்தது என்பதை அதன் பண்புகளே உரைக்கும்.

முதல் தேர்வு சுத்தியல். பொன்னை அடிக்க அடிக்க அது விரியுமேயன்றி உடையாது. ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மென்தகடாக்கலாம். இரண்டு கிலோமீட்டர் அளவிற்குக் கம்பியாகவும் இழுக்கலாம். கந்தகத்தை அதே சுத்தியலால் அடித்தால் பொடியாகும். தகடாதல் மாழையின் இயல்பு. நொறுங்குதல் திண்மமான அல்மாழையின் இயல்பு.

இது எதனால்? மாழைக்குள் எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகள் சில, எந்த ஓரணுவிற்கும் கட்டுப்படாமல் உலவுகின்றன. அணுவடுக்குகள் நழுவினாலும் அவை பிணைப்பை அறவிடுவதில்லை. மின்னையும் வெப்பத்தையும் கொண்டு செல்வன அவையே. ஒளியை மீள எறிந்து பொலிவு தருவனவும் அவையே. வேர் ஒன்று, பண்புகள் பல!

ஆயினும், ஒரு பண்பை மட்டும் கண்டு முடிவு கட்டுதல் தவறு. மாழை திண்மம் என்பர். இதள் எனப்படும் பாதரசமோ இயல்பான வெப்பநிலையில் நீர்மம். மாழை கடியது என்பர். சோடியத்தைக் கத்தியால் அரியலாம். அல்மாழைக்குப் பொலிவில்லை என்பர், அயோடின் பளபளக்கும். அல்மாழை மின்னைக் கடத்தாது என்பர். கரியின் ஒரு வடிவமான கிராபைட்டு கடத்தும். அக்கரியின் மற்றொரு வடிவமான வயிரம் மின்னைக் கடத்தாது. வெப்பத்தையோ செம்பைவிட மிகுதியாகக் கடத்தும்.

இனி, மாழைப்போலி. சிலிக்கான் மாழைபோல் மின்னும்; அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். மின்னை ஓரளவே கடத்தும். செம்பைச் சூடாக்கினால் அதன் மின்கடத்து திறன் குறையும். தூய சிலிக்கானைச் சூடாக்கினால் அத்திறன் கூடும். இதுவே இரண்டையும் பிரித்துக் காட்டும் சிறந்த தேர்வு.

இவ்விடைநிலைப் பண்பு குறைபாடன்று. உருசிய அறிஞர் மெண்டலீவ் 1871-இல், அதுவரை எவரும் காணாத தனிமம் ஒன்றன் அணுநிறை 72, அடர்த்தி 5.5 என முன்னுரைத்தார். 1886-இல் செருமானிய அறிஞர் விங்கிளர் அதனைக் கண்டறிந்து, தம் நாட்டின் பெயரால் செருமானியம் என்றார். அதன் அடர்த்தி 5.3 என அறியப்பட்டது. முழு மாழையாகவும் அல்மாழையாகவும் அமையாத அத்தனிமத்தைக் கொண்டே 1947-இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிசுட்டர் உருவாயிற்று. இன்றைய கணினிச் சில்லுகளுள் பெரும்பாலனவற்றுக்குச் சிலிக்கானே அடிப்படை.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, பட்டியலை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடாதீர்! செப்புக் கம்பி, கந்தகக் கட்டி, எழுதுகோலின் கரித்துண்டு, மின்கலம், சிறு விளக்கு ஆகியவற்றை மாணாக்கர் கையில் கொடுங்கள். கந்தகம் மின்னைத் தடுப்பதையும் கரித்துண்டு கடத்துவதையும் அவர்களே காணட்டும். பட்டியலை மட்டும் கற்றவன் கிராபைட்டைக் கண்டு திகைப்பான், பண்பைத் தேர்ந்தவன் "ஏன்?" என்று வினவுவான். அவ்வினாவிலேதான் அறிவியல் பிறக்கிறது. அதனைத் தாய்மொழியில் கேட்பவனுக்குத் தயக்கமில்லை.