பட்டியலும் மக்களும்



பழங்குடி மக்கள்தொகையை அளப்பது பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிறோம். களத்தில் என்னைவிட அதிகம் நடந்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பழங்குடியினர் 10.43 கோடிப் பேர், நூற்றுக்கு 8.6. தமிழகத்தில் 7,94,697 பேர், நூற்றுக்கு 1.1. நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் இந்த எண்களோடுதான் தொடங்குகின்றன. ஆனால் இவை குறிப்பது பட்டியல் பழங்குடியினரை. அரசமைப்பின் 342-ஆம் பிரிவின்கீழ் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே வெளியான பட்டியலில் பெயர் இருந்தால் எண்ணிக்கையில் சேர்வார்கள், இல்லையென்றால் சேரமாட்டார்கள். ‘பட்டியல்’ என்ற சொல்லை நாம் எழுத மறந்துவிடுகிறோம். மறந்த அந்தச் சொல்லுக்குப் பின்னால் மலை மலையாக மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்கு வாருங்கள். அங்கே வாழ்பவர்களில் ஒரு பகுதியினர் மலையாளிகள். கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் பேசும் மலைமக்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். தமிழகப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. ஈரோடு அதில் இல்லை. சேலத்துச் சேர்வராயன் மலையில் இருப்பவர் பழங்குடி, அதே குலத்தில் பிறந்து பர்கூரில் குடியிருப்பவர் பழங்குடி இல்லை. பல பத்தாண்டுகளாக அவர்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வந்து கேட்கும்போது உண்மையைத்தான் சொல்கிறார்கள். அந்த உண்மையை எழுதிக்கொள்ளப் படிவத்தில் இடமில்லை. சாந்தால் மக்களுக்கும் இதே கதிதான். ஜார்க்கண்டில் பழங்குடியாக இருப்பவர்கள், அசாம் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் அங்கே அப்படி எண்ணப்படுவதில்லை.

பட்டியல் அசைந்தால் எண்ணும் அசையும். 1971-இல் நாடு முழுவதும் 3.80 கோடியாக இருந்த பட்டியல் பழங்குடியினர் 1981-இல் 5.16 கோடி ஆனார்கள். அந்த முறை அசாமில் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அப்படியிருந்தும் இந்த ஏற்றம். பிறப்பு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. மாநிலத்துக்குள் இன்ன பகுதியில் இருந்தால்தான் பழங்குடி என்ற வரம்புகளை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நீக்கியது. அதைக் கணக்கில் கொள்ளாமல் அந்தப் பத்தாண்டின் வளர்ச்சி விகிதத்தைக் கோடு போட்டுக் காட்டும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளையும் எண் இப்படி அசையும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களை 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு தமிழகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் நம் எண் உயரும்போது, உயர்வில் இவர்கள் எவ்வளவு என்பதைத் தனியே பிரித்துச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

பட்டியலில் பெயர் இருந்தும் விடுபடுகிறவர்கள் வேறு. இருளர் குடும்பங்கள் பல, தை பிறந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடும். மழைக்காலம் வரும்போதுதான் ஊர் திரும்பும். அடுத்த கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் எடுப்பது 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில், ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். பட்டியல் எடுக்கிறவர் போகும் நாளில் சூளைக் கொட்டகை காலியாக இருக்கலாம். ஆள் எண்ணப் போகும் நாளில் ஊர்க் குடிசை பூட்டியிருக்கலாம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவர் அடுத்த வீட்டில் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இப்படி விடுபட்டதை வெளிப்படையாகச் சொன்ன நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1967 வரை, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதியிருந்தார்கள். பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை நீக்கச் சொன்னார்கள். 2021 கணக்கெடுப்பில் 8,12,728 பேர் தம்மை ஆதிக்குடி என்றோ டாரஸ் நீரிணைத் தீவினர் என்றோ குறித்தார்கள். அந்த நாட்டுப் புள்ளியியல் துறை அதோடு நிற்கவில்லை. பின்னர் ஒரு சரிபார்ப்புக் கணக்கெடுப்பு நடத்தி, உண்மைத் தொகை ஏறத்தாழ 9,83,700 இருக்கும் என்று மதிப்பிட்டது. அந்த மக்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் கணக்கில் விடுபட்டதாகவும் வெளிப்படையாக எழுதியது. அவர்கள் குறையில்லாமல் எண்ணினார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணியதில் எவ்வளவு தவறியது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். பழங்குடியினருக்கென்று அப்படித் தனியே ஒரு விடுபாட்டு மதிப்பீடு நம் நாட்டிலும் வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் நான் கேட்கிறேன்.

இன்னொன்றை மறக்காதீர்கள். கணக்கெடுப்பில் சாதிச் சான்றிதழைக் காட்ட வேண்டியதில்லை, சொல்வதை எழுதிக்கொள்வதுதான் முறை. இது பல குடியிருப்புகளுக்குத் தெரியாது. அங்கே பழக்கமுள்ள நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்தில் பிப்ரவரியில் எரியும் சூளைகள் எங்கெங்கே என்று இப்போதே குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். மாலை அமர்வில் அந்தக் குறிப்புக்கு ஒரு படிவம் வகுப்போம். பர்கூர் பற்றிய கட்டுரையோடு முதல் அமர்வு தொடங்கட்டும்.