இரைச்சலும் இசையும்

மேற்கு மாம்பலத்தில் இசைக்குப் பஞ்சமில்லை. அயோத்தியா மண்டபத்துப் பக்கம் மாலையில் நடந்தால் பாட்டோ பஜனையோ ஏதேனும் ஒன்று காதில் விழும். அத்தகைய பேட்டையில், என் வீட்டு மாடியிலிருந்து ஓர் இரவு இரும்பை இரும்பால் அறைகின்ற ஓசை கேட்டது. தண்ணீர்க் குழாயைத்தான் யாரோ பழுது பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். அரை மணி கழித்தும் ஓயவில்லை. மறுநாள் இரவும் அதே கதை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். “சத்தம் போடாதே” என்ற இரண்டு சொற்களை என்னைப்போல் அதிகம் உச்சரித்தவர் இந்தத் தெருவில் இருக்க முடியாது. ஆகவே மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினேன். ஓசை நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டே ஏறினேன்.

மாடியில் குடியிருப்பவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர். கதவைத் திறந்தவர் பதறிப்போய், “மன்னிக்க வேண்டும் சார், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி கெட்டுவிட்டது” என்றார். ஒலித்துக்கொண்டிருந்தது ஜெர்மானியர் குழு ஒன்றின் இசைத்தட்டு. பகலெல்லாம் பட்டறையில் இந்த ஓசையிலேயே இருப்பவருக்கு இரவிலும் இதுவா என்று கேட்டேன். “பட்டறையில் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் சார். அங்கே கேட்க முடியாது, இங்கேதான் கேட்கிறேன்” என்றார். அந்த விடைக்காகவே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

குழுவின் பெயர் ‘ஐன்ஷ்டுர்ட்சென்டே நொய்பாவ்டன்’. ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்பது பொருள். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி மேற்கு பெர்லினில் பிளிக்ஸா பார்கெல்ட் என்பவரும் அவர் தோழர்களும் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அந்நகரத்துக் காங்கிரஸ் மண்டபத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பெயர் வைத்த வேளை அப்படி! மேளம் அடித்தவரிடம் பணம் இல்லாமல், இருந்த மேளத்தை விற்றுவிட்டுப் பழைய இரும்பைப் பொறுக்கிவந்து தட்டத் தொடங்கினார் என்று சொல்கிறார்கள். எண்ணெய்ப் பீப்பாய், சுருள்வில், துளைபொறி, கடைகளில் சாமான் தள்ளும் வண்டி எல்லாம் அவர்களுக்கு வாத்தியங்களாயின. நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் இரும்புக் கூட்டுக்குள் புகுந்து ஒலிப்பதிவு செய்தார்கள்.

1984 ஜனவரியில் லண்டனில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில் இவர்கள் மேடைத் தரையையே துளைக்க முற்பட, நிகழ்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது. என் பள்ளியாக இருந்தால் அனைவரையும் பெற்றோருடன் வரச் சொல்லியிருப்பேன். 1981இல் வெளிவந்த அவர்களுடைய முதல் நெடுந்தட்டு இன்றுவரை எனக்குத் தலைவலியைத்தான் தருகிறது. இதை அந்த இளைஞரிடமும் ஒளிக்கவில்லை.

ஆனால் வாத்தியம் இன்னதுதான் என்று வரையறுக்க நாம் யார் என்ற ஐயம் அன்றே தோன்றிவிட்டது. கடம் என்பது என்ன? மண்பானைதானே? ஜலதரங்கம் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்கள். நெல்லையப்பர் கோயிலில் கல் தூண்களே சுரம் பேசுகின்றன. வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. 1951இல் ஜெர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையத்தில்தான் மின்னணு இசைக்கென ஒரு கூடம் நிறுவப்பட்டது. நம் நாட்டிலும் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அப்படி ஒரு கூடம் எழுந்தது. கீதா சாராபாய் முதலானோர் அங்கே ஆக்கிய ஒலிநாடாக்கள் பல்லாண்டு கிடப்பில் இருந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

என் மாடி இளைஞரின் பற்று வெறும் கேட்பதோடு நிற்கவில்லை. பாட்டின் பொருள் தெரியவேண்டும் என்பதற்காகவே மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்தார். 2002 முதல் அக்குழுவினர் இசைத்தட்டு நிறுவனத்தை நம்பாமல், ரசிகர்களிடமே முன்பணம் பெற்று வேலை செய்யும் முறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். பணம் கட்டியவர்கள், பாட்டு உருவாகும்போதே அதைக் காணலாம். நம் சபாக்களின் சந்தாதாரருக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடையாது. இவரும் ஒருமுறை தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஊரில் உள்ள தாயாரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லையாம்.

சில வாரங்கள் கழித்து அவரே கீழே வந்து, “சார், உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன்” என்றார். முதல் உலகப் போரின் நூற்றாண்டையொட்டி, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டெ நகரத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், 2014இல் அக்குழுவினர் இயற்றிய ‘லமென்ட்’, அதாவது புலம்பல். அதில் ஒரு பகுதி முழுவதும் பிளாஸ்டிக் குழாய்களைத் தட்டுவதுதான். ஒவ்வொரு குழாயும் போரில் இறங்கிய ஒரு நாடு. ஒவ்வொரு தட்டும் போரின் ஒரு நாள். நிமிடத்துக்கு 120 தட்டு. நான்கு ஆண்டுப் போர் ஏறக்குறைய 13 நிமிடங்களில் முடிந்துவிடும்.

எனக்கு உடனே என் பாட்டியின் நினைவு வந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதல்லவா? பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல் உயர்நீதிமன்ற மதிலில் இருக்கிறது. அப்போது என் பாட்டிக்குப் பத்து வயது. ஜார்ஜ் டவுனில் வீடு. அவளைப் பாயில் சுருட்டி மாட்டுவண்டியில் போட்டுச் செங்கற்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். எண்பது வயதிலும் தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நாங்கள் சிறுவர்கள், வேண்டுமென்றே ஜன்னலுக்கு அடியில் வெடி வைத்துச் சிரித்திருக்கிறோம். அவளுக்கு எங்கள் வீட்டில் ‘எம்டன் பாட்டி’ என்று பெயர். அவளிடம் அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

போர் தொடங்கியது ஜூலை 28. ஜூலையில் நான்கு நாள், ஆகஸ்டில் முப்பத்தொன்று, செப்டம்பரில் இருபத்திரண்டு. ஆக, பாட்டியின் இரவு ஐம்பத்தேழாம் தட்டு. இளைஞரை மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொல்லி, விரல்விட்டு எண்ணினேன். தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஐம்பத்தேழு வந்து போய்விட்டது. மற்றத் தட்டுகளுக்கும் அதற்கும் ஓசையில் வேறுபாடு ஒன்றும் இல்லை. அதன் பிறகு குழாய்கள் பெருகப் பெருக, எண்ணூறு எங்கே, ஆயிரம் எங்கே என்று எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், “இன்னொரு தடவை வையுங்கள், தம்பி” என்றேன். இம்முறை காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.