இறுதி நூலும் இரு படங்களும்

நீண்ட கதையொன்றைத் தொடங்குவதினும் அதனை முடித்துவைப்பது கடினம். நூலில் முடிந்த கதையைத் திரையில் மீண்டும் முடித்துக் காட்டுவதோ அதனினும் கடினம். ஆங்கில எழுத்தாளர் ஜே. கே. ரோலிங் இயற்றிய ஹரி பொட்டர் கதைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1997ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வரிசை, 2007 யூலையில் வெளிவந்த ஏழாம் நூலோடு நிறைவெய்தியது. முதல் நூலைப் பதினொரு வயதிற் படித்த சிறுவன், இறுதி நூலைக் கையிலெடுத்தபோது இருபத்தொரு வயது இளைஞனாயிருந்தான். அவனுக்கு அது தன் இளமைப் பருவத்தின் முடிவுமாகும். அம்முடிவு திரையில் எவ்வாறு அமையுமோ என்ற கவலை பலர்க்கும் இருந்தது இயல்பே.

முந்திய ஆறு நூல்களும் நூலுக்கொரு படமாயின. ஏழாவது நூல் மட்டும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 2010 நவம்பரிலும் 2011 யூலையிலும் திரைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து நாலரை மணித்தியாலத்துக்கும் மேற்பட்டவை. இருமுறை நுழைவுச்சீட்டு விற்கும் தந்திரம் இது என்றனர் சிலர். அக்கூற்றை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும், கிடைத்த நேரம் எவ்வாறு பயன்பட்டது என்பதே ஆராயத்தக்கது.

முதற் படத்தில் அது நன்கு பயன்பட்டது. தன்னைப் பெற்றோர் மறந்துவிடுமாறு ஹேர்மயனி மந்திரமிட்ட செய்தி நூலில் உரையாடலில் மட்டுமே வருகிறது. நெறியாளர் டேவிட் யேட்ஸும் திரைக்கதை ஆசிரியர் ஸ்டீவ் குளோவ்ஸும் அதனைக் காட்சியாக்கினர். குடும்பப் படங்களிலிருந்து மகளின் உருவம் மெல்ல மறைகிறது. பக்கங்கள் பல சொல்லக்கூடிய துயரத்தை அக்கணம் சொல்லிவிடுகிறது. நண்பன் பிரிந்துசென்றபின், கூடாரத்தில் வானொலிப் பாடலுக்கு ஹரியும் ஹேர்மயனியும் ஆடும் காட்சி நூலில் இல்லவே இல்லை. எனினும் அவர்தம் தனிமையை அது உண்மையாக உணர்த்துகிறது.

இரண்டாம் படத்தின் முடிவிலோ பெரும் இழப்பு நேர்ந்தது. மரணத்துக்கு அஞ்சித் தன் ஆன்மாவையே துண்டுகளாக்கி ஒளித்துவைத்தவன் வொல்டமோர்ட். நூலில், பள்ளியின் பெருமண்டபத்தில் அனைவரும் சூழ்ந்து நிற்க, தன் செயலுக்கு இரங்குமாறு ஹரி அவனை வேண்டுகிறான். அவன் மறுக்கிறான்; வீழ்கிறான். சாதாரண மனிதனின் உடலாகவே அவ்வுடல் தரையிற் கிடக்கிறது. மரணத்தை வெல்ல முயன்றவனும் மனிதனே என்பதை யாவரும் கண்ணாரக் காண்கின்றனர். திரையிலோ ஆளற்ற முற்றத்தில் இருவரும் பொருதுகின்றனர். அவனுடல் துகள்துகளாகிக் காற்றிற் கலக்கிறது. காட்சி வியப்பூட்டுகிறது, ஆனால் கண்டு சாட்சி சொல்ல எவருமில்லை, கிடக்க உடலுமில்லை. ஏழு நூல்கள் படிப்படியாய்க் கட்டியெழுப்பிய உட்பொருள் அவ்வியப்பில் மறைந்துவிட்டது.

இல்லாததைச் சேர்த்த இடத்தில் படம் நூலுக்கு உண்மையாயிருந்தது; இருந்ததைப் பெரிதாக்க முயன்ற இடத்தில் நூலை விட்டு விலகியது. இறுதி நூலைத் திரைக்குக் கொண்டுவருவோர்க்கு வேண்டுவது நேரம் மட்டுமன்று. கதை எதற்காக முடிகிறது என்ற தெளிவே முதன்மையானது. படத்தைக் கண்டு மகிழ்ந்த இளைஞர், நூலின் அவ்வத்தியாயத்தையும் ஒருமுறை அமைதியாகப் படித்துப் பார்ப்பாராயின், இவ்வேறுபாட்டைத் தாமே உணர்வர்.